காலவார்ட்டின் பிடரி

மெஸ்டாக் குடும்பத்தில் எவரும் எந்த ஊர்வலத்திலும் காலவார்ட் குடும்பத்தார் ஒருவருக்குப் பின்னால் நடந்ததில்லை. ஓஸ்ட்ஹோவ கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் வந்து புனித ஓடமார் மடத்தை இழுத்து மூடித் துறவிகளை விரட்டியபோது, அவர்களில் மூன்று பேரை வைக்கோல் பரணில் ஒளித்து வைத்து ரொட்டியும் பாலும் கொடுத்தது மெஸ்டாக் வீடு. அதே துறவிகளின் மாவு ஆலையை அரசாங்க ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு எடுத்தது காலவார்ட் வீடு. மடம் பிறகு மீண்டது. ஆலை இடிந்து, அந்த இடத்தில் பெட்ரோல் பங்க்கும் வந்துவிட்டது. ஆனாலும் ஊர் அதை இன்றுவரை கறுப்புச் சொத்து, அதாவது சாமியிடம் பிடுங்கிய சொத்து என்றுதான் சொல்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

அமாத் மெஸ்டாக் மனைவியை இழந்தவர். எழுபத்தொரு வயதில், பண்ணையை மகள் கோடெலீவாவிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்ச நாட்களை மடத்தில் துறவியாகக் கழிப்பது என்று தீர்மானித்தார். அறுபது இருக்கைகள் கொண்ட மடத்தில் இப்போது பன்னிரண்டு பேர்தான் என்பதால் கிழவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே புறப்பட்டார். கடவுளிடம் போகிறவன் நடந்துதான் போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பாதி வழியில் தூறல் பிடித்தது. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தவர் ஓடீல் காலவார்ட்.

"மழையில எங்கவோய் பெட்டியும் கையுமா? ஏறிக்கிடும். நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

மெஸ்டாக் குடும்பத்துக்குக் கால் இருக்கிறது என்று அமாத் பதில் சொன்னார். கார் அவர் கால்சட்டையில் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

நனைந்த கோழியாக அவர் மடத்து வாசலை அடைந்தபோது, வாயிற்காப்பாளர் அறையில் காலவார்ட் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஏதோ விற்க வந்திருக்கிறான் என்றே அமாத் நினைத்தார். புதியவர்களுக்குப் பொறுப்பான தந்தை பாவோ வந்து அந்த நினைப்பைக் கெடுத்தார். பாவோவுக்கு முப்பத்து நான்கு வயது. கெண்ட் நகரத்தில் கணினி வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

"இவர் ஓடீல். ஒரு மணி நேரம் முன்னாடி சேர்ந்தாரு. உங்களுக்கு மூத்தவர்" என்றார்.

"மூத்தவனா? சாமி, இவன் பால் குடிக்கிறப்பவே நான் பள்ளிக்கூடம் போனவன்."

பாவோ பொறுமையாக விளக்கினார். புனித பெனடிக்ட் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்டாராம்: வயதும் பரம்பரையும் மடத்து வாசலோடு சரி. யார் முதலில் உள்ளே வந்தாரோ அவரே மூத்தவர். காலையில் வந்த மாட்டுக்காரனுக்குப் பின்னால்தான் மத்தியானம் வந்த ராஜா நிற்க வேண்டும். கோயிலிலும் சாப்பாட்டு அறையிலும் அதே வரிசை, உயிர் உள்ளவரை. தன் முன்னோர் ஒளித்துவைத்த மூன்று துறவிகளைப் பற்றி அமாத் எடுத்துச் சொன்னார். பாவோ மனமார நன்றி சொன்னார். வரிசை மாறவில்லை.

அன்றிலிருந்து அமாத்தின் உலகம் காலவார்ட்டின் பிடரியாகச் சுருங்கியது. சிவந்த, தடித்த பிடரி. நடுவில் ஒரு மச்சம். விடியற்காலைச் செபத்துக்குப் போகும்போது அது முன்னால் போனது. சூப் பாத்திரம் முதலில் அங்கே நின்று, காய்கறி போன பிறகு வெறும் தண்ணீராக அமாத்திடம் வந்தது. அவருக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியது என்று மற்றத் துறவிகள் சொல்லலாம். அவர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அக்டோபரில் இருவருக்கும் துறவி அங்கி அணிவிக்கும் சடங்கு வரவிருந்தது. ஓஸ்ட்ஹோவ முழுவதும் பேருந்து பிடித்து வரும். இருநூறு வருஷ மானம் அந்த நடைபாதையில் ஒரு காலவார்ட்டின் பின்னால் நடப்பதை ஊர் முழுக்கப் பார்க்கும். அதைவிட வாசலுக்கு வெளியே போய்விடலாம் என்று இருந்தது அவருக்கு.

புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குமுறையைத் தினமும் ஒரு பகுதியாகச் சாப்பாட்டு வேளையில் வாசிப்பார்கள். ஒருநாள் அமாத்தின் கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது. மடத்தைவிட்டுப் போனவன் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் கடைசி இடத்தில்தான் என்று வாசித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோடெலீவா அப்பாவைப் பார்க்க வந்தவள், ஊர்க் கதைகளோடு ஒன்றைச் சொன்னாள். காலவார்ட் உயிராக வளர்த்த பந்தயப் புறாக்களின் கூண்டை அவர் மகன் இடித்துவிட்டு நீச்சல் குளம் கட்டப் போகிறானாம். நிஜந்தானா என்று அமாத் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவர் குடும்பத்தில் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. மறுநாள் பேரிக்காய் தோல் சீவும்போது, பேச அனுமதி உள்ள நேரத்தில், அந்த உண்மையை மட்டும் காலவார்ட்டிடம் சொன்னார். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

காலவார்ட்டின் கையிலிருந்த பேரிக்காய் உருண்டது. மறுநாள் விடிவதற்குள் அவர் கார் போய்விட்டது.

அமாத் முன்னால் நகர்ந்தார். சூப்பில் காரட் கிடந்தது. இரண்டு வேளை அது இனித்தது. அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. எந்தத் திருப்பாடலுக்கு எழுவது, எங்கே குனிவது என்று அவர் இதுவரை கற்கவே இல்லை. அந்தப் பிடரி குனிந்தால் குனிந்தார், நிமிர்ந்தால் நிமிர்ந்தார். இப்போது அவருக்கு நேர் முன்னால் இருந்தவர், முதிய வயதில் மடத்தில் சேர்ந்த தொண்ணூறு வயது சகோதரர் ஓடோ. அவர் எல்லாத் திருப்பாடல்களுக்கும் தூங்கினார். மற்றவர்கள் உட்கார்ந்தபோது அமாத் எழுந்து நின்றார். தந்தை பாவோ சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

ஒரு வாரத்தில் காலவார்ட் திரும்பி வந்தார். விதிப்படி கடைசியில், அமாத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முகத்தில் கோபம் இருக்கும் என்று அமாத் எதிர்பார்த்தார். மனிதர் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

"நீர் சொல்லலேன்னா என் புறா அத்தனையும் நாசமாப் போயிருக்கும்வோய். நல்ல மனுசன் நீர். உம்ம மகதான் இடம் குடுத்தா. எல்லாம் இப்ப உம்ம வைக்கோல் பரண்லதான் இருக்கு."

அமாத் அன்று சூப்பில் கிடந்த காரட்டை ஒதுக்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வந்த கோடெலீவாவிடம் புறாக்களைப் பற்றிக் கேட்க நினைத்து, ஊர் என்ன பேசுகிறது என்று கேட்டார்.

"ஓடீல் மாமா பேச்சுதாம்ப்பா ஊர் பூரா. உங்களுக்கு முன்னாடி நின்னவரு, புறாவுக்காகப் போய்ட்டு வந்து முகம் சுளிக்காம கடைசியில போய் நின்னுட்டாரே, என்ன தாழ்மைன்னு. பங்குச் சாமி பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு."

"என்னைப் பத்தி?"

"நீங்க முன்னாடி நிக்கிறீங்கன்னு சொல்றாங்க."

"எப்படிச் சொல்றாங்க?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சும்மா, சொல்றாங்கப்பா."

அமாத் அன்று மாலை தோட்டத்தை மூன்று முறை சுற்றினார். ஏலத்தில் ஆலையை எடுத்தவர்கள் இப்போது கடைசி இடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் சும்மா. மடத்தில் கடைசி இடத்துக்கு இருக்கும் மதிப்பை யாரும் அவருக்கு முதலிலேயே சொல்லவில்லை. சரி, அவருக்கும் வெளியே போய்த் திரும்பி வரத் தெரியும். காலைச் செபம் முடிந்ததும் பெட்டியோடு வாசலுக்குப் போனார்.

வாசல் திண்டில் காலவார்ட் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பெட்டி.

"நீர் எங்க கிளம்பிட்டீர்?" என்றார் அமாத்.

"நீர் எங்கயோ, அங்கதான். நீர் திரும்பி உள்ள வந்த பொறவு, ஒரு நாழி கழிச்சு நானும் வருவேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை வரைக்கும் சேர்த்துக்கலாம்னு எழுதியிருக்காம். நானும் வாசிக்கக் கேட்டேன்வோய்."

அமாத் கணக்குப் போட்டார். மூன்று தடவையும் முடிந்து கதவு சாத்தப்படும்போது இருவரும் வெளியே நிற்பார்கள் போலிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினார். பின்னால் காலவார்ட்டின் பெட்டியும் படி ஏறும் சத்தம் கேட்டது.

சடங்கு நாளில் ஓஸ்ட்ஹோவ இரண்டு பேருந்துகளில் வந்து இறங்கியது. மடத்துத் தலைவர் வைனந்த் பலிபீடத்தின் முன்னால் நின்றார். பெரிய மனிதர்தான், ஆனால் பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர். அவரை ஏமாற்றுவது சுலபமில்லை. அமாத் முழந்தாளிட்டதும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என்ன கேட்டு வந்திருக்கிறீர்கள்?"

"இறைவனுடைய இரக்கத்தையும் உங்கள் தோழமையையும்" என்பது பதில். அமாத் பிசகில்லாமல் சொன்னார். ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு கடைசி வரிசை வரை கேட்கும் குரலில், "ஓடீலுக்குப் பின்னால ஒரு இடத்தையும்" என்று சேர்த்தார்.

கோயில் முழுவதும் ஒரு முனகல் ஓடியது. பெண்கள் கைக்குட்டை எடுத்தார்கள். நம்ம அமாத்தா இது என்று யாரோ கேட்டார்கள். குடும்ப மானம் அங்கேயே மீண்டதாக அமாத் உணர்ந்தார். பின்னால் ஒரே ஒருவர் மூக்கால் சிரித்தார். அது யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

தலைவர் குனிந்து, அமாத்துக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"முதல் ரெண்டும் தரலாம். மூணாவதை இந்த வீட்ல யாரும் கேட்டு வாங்கறதில்ல. உங்க வரிசையிலயே நில்லுங்க."

வரிசை மாறவில்லை. கறுப்பு அங்கி போட்டார்கள். அடுத்து காலவார்ட் வந்தார். கேள்விக்குப் பதிலை மட்டும் சொன்னார், ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லாமல். ஊருக்கு அது இன்னும் பிடித்துவிட்டது.

மாலைச் செபத்துக்கு அமாத் முன்னால் நடந்தார், காலவார்ட் பின்னால் வந்தார். இனி சாகும்வரை இப்படித்தான். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. குனிய வேண்டிய இடத்தை அமாத் இந்த ஒரு மாதத்தில் தானாகவே கற்றிருந்தார். மூவொரு கடவுளுக்குப் புகழ் பாடியதும், கை முழங்காலைத் தொடும்படி ஒழுங்காகக் குனிந்தார். பின்னால் இடுப்பெலும்பு சொடுக்கும் சத்தம் கேட்டது. காலவார்ட் அதைவிடக் கீழே போயிருக்கிறார். அமாத் இன்னும் கொஞ்சம் இறங்கினார். பின்னால் இன்னொரு சொடுக்கு.

புகழ் முடிந்தது. பத்துத் துறவிகள் நிமிர்ந்தார்கள். சகோதரர் ஓடோகூட விழித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அமாத் நிமிரவில்லை. காலவார்ட்டும் நிமிரவில்லை. யார் முதலில் நிமிர்வார் என்று ஓஸ்ட்ஹோவ மூச்சுவிடாமல் காத்திருந்தது. தலைவர் வைனந்த் அந்த இரண்டு முதுகுகளையும் சற்றுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த திருப்பாடலைத் தொடங்கினார்.