வாசல் வெளிச்சம்

ரெம்மர் மாதிரித் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனான். உள்ளே குழல்விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் விளக்கை நம்பி நிறத்தை முடிவு செய்கிறவன் உருப்பட மாட்டான் என்பது அந்தப் பெயிண்ட் பட்டறையில் எழுதி வைக்காத சட்டம். விளக்கின் கீழே ஒன்றாய்த் தெரிகிற இரண்டு சிவப்பும் வெளியே போனதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம் என்று கார்க்காரர் மறுநாளே சண்டைக்கு வந்து நிற்பார். அதனால் எந்தப் பெயிண்டைக் கலந்தாலும் தகட்டில் அடித்து, காயவைத்து, வாசலில் வானத்தின் கீழே பிடித்துப் பார்த்த பிறகுதான் பெயிண்ட் பீச்சும் துப்பாக்கியில் ஊற்றுவார்கள்.

காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் மூடியைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தான். நிமிர்த்திப் பார்த்தான்.

"முறைச்சுப் பாத்தா நிறம் மாறிடுமா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் முதலாளி ஹின்ரிக்.

"நீலம் தூக்கலா இருக்கு. ஒரு சொட்டு ஆரஞ்சு விட்டா அடங்கிடும்."

"விடு, விடு. உன் கண்ணுக்குத்தானே சம்பளம் குடுக்கறேன்."

ஹின்ரிக் தேநீர் ஊற்றினார். லேர் ஊரில் தேநீர் என்றால் கோப்பையின் அடியில் கற்கண்டு, மேலே ஒரு கரண்டி பாலேடு, குறைந்தது மூன்று கோப்பை. போதும் என்கிறவன் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். அதுவரை ஊற்றுகிறவர் நிறுத்தக்கூடாது.

"நாளைக்கு மேட்ச் பாக்க வீட்டுக்கு வாடா."

"நாளைக்கு ஓல்டன்பர்க் போறேன். ஒரு வேலை இருக்கு."

"சனிக்கிழமை உனக்கு அங்க என்ன வேலை? எவளாவது சிக்கிட்டாளா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

ஹின்ரிக் வயிறு குலுங்கச் சிரித்தார். ரெம்மரின் மனைவி இம்கே அவனை விட்டுப் போய் வெகுநாளாகிறது. அவனுக்கு ஒரு துணை கிடைத்தால் ஹின்ரிக்கைவிடச் சந்தோஷப்படுகிறவர் அந்த ஊரில் இல்லை. மனுஷன் நல்லவர்தான். ஆனால் ஒருநாள் இதே மேஜையில் தேநீர் குடிக்கும்போது, டிவியில் கவுன் போட்ட ஆண் ஒருவரைக் காட்டினார்கள். "என் பட்டறையில இப்படி ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுவேன்" என்றார் ஹின்ரிக். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ரெம்மர்.

அவன் வீட்டு அலமாரியின் பூட்டிய பக்கத்தில் ஒரு கருநீலக் கவுனும், பழுப்பு நிற விக்கும், ஆண் பாதத்துக்குச் செய்த குதிகால் உயர்ந்த செருப்பும் இருந்தன. எல்லாம் தபாலில் வந்தவை. மற்றதெல்லாம் தபாலில் சரியாக வந்துவிட்டது. முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷன் மட்டும் வரவில்லை. திரையில் தோல் நிறமாகத் தெரிந்தது புட்டியைத் திறந்தால் செங்கல்லாக இருந்தது. இன்னொன்றைப் பூசிப் பார்த்தால் பிணத்துக்குப் பூசின மாதிரி இருந்தது. எதைப் பூசினாலும் மழித்த தாடியின் நீலம் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. ஊரான் கார்களுக்கெல்லாம் நிறம் சேர்த்துக் கொடுக்கிறவனுக்குத் தன் முகத்துக்கு ஒரு நிறம் அமையவில்லையே என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

ப்ரேமனில் ஒரு காப்பிக்கடையின் பின்னறையில் அவனைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ரெம்மர் இரண்டு தடவை பேன்ட் சட்டையோடு போய் மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்தான். "அடுத்த தடவை ஆன்ட்யாவா வா, இல்லன்னா கதவைத் திறக்க மாட்டோம்" என்று அவர்கள் கேலி பேசி அனுப்பினார்கள். ஆன்ட்யா அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அந்தக் கூட்டம் இதோ அடுத்த சனிக்கிழமை. முகத்தைக் கொண்டுபோய்க் கடையில் காட்டாமல் இனி வழியில்லை. லேரில் காட்ட முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஓல்டன்பர்க் என்றால் ரயிலில் ஒரு மணி நேரம், தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று கணக்குப் போட்டான்.

சனிக்கிழமை காலை இரண்டு தரம் மழித்துக்கொண்டு போனான். கடைக்கு முன்னால் நடந்தான். திரும்பி நடந்தான். தைரியத்துக்கு ஒரு மீன் ரொட்டி வாங்கித் தின்றான். தின்ற பிறகுதான் வாயெல்லாம் மீனும் வெங்காயமுமாக நாறுகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டான். அப்புறம் வாயை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

மேக்கப் பகுதியில் நின்ற பெண்ணின் சட்டையில் வீப்கே என்று பெயர் குத்தியிருந்தது.

"யாருக்கு சார் பாக்கறீங்க?"

"மனைவிக்கு."

"அவங்க என்ன நிறம்?"

"என் நிறம்தான்."

"சரியா உங்க நிறமா?"

"ஆமா."

வீப்கே அவன் முகத்தைப் பார்த்தாள். பார்வை தாடையில் கொஞ்ச நேரம் நின்றது. அவள் சிரிக்கவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டாள்.

"அவங்களுக்கும் இந்த இடத்துல கொஞ்சம் நீலமா தெரியுமோ?"

ரெம்மர் காலுக்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தான். "தெரியும்" என்றான்.

"அப்ப முதல்ல ஆரஞ்சு வெக்கணும் சார். அது நீலத்தை அமுக்கிடும். அதுக்கு மேலதான் தோல் நிறம்."

அட, இது நம்ம வேலையாச்சே என்று அவனுக்குத் தோன்றியது. இத்தனை நாள் இது ஏன் புத்தியில் உறைக்கவில்லை? வீப்கே அவன் முகத்தை விரலால் திருப்பி, இடது தாடையில் முதலில் ஆரஞ்சையும் அதன் மேல் தோல் நிறத்தையும் தொட்டுத் தட்டினாள். இம்கே போன பிறகு அவன் முகத்தைத் தொட்ட முதல் கை அது. கண் கலங்கிவிடுமோ என்று பயந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப பாருங்க" என்று ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். அந்த நேரம் கல்லாவிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். "பாத்துக்கிட்டே இருங்க சார், இதோ வந்துட்டேன்."

கண்ணாடியில் நிறம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் தலைக்கு மேலே வரிசையாக விளக்குகள். விளக்கின் கீழே எதுதான் சரியாகத் தெரியாது? ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் அவள் வைத்துவிட்டுப் போன தோல்நிறச் சோதனைப் புட்டியுமாக ரெம்மர் வாசலை நோக்கி நடந்தான். யோசித்து நடக்கவில்லை. கால்களுக்கு அந்த வழக்கம் ஊறிப்போயிருந்தது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வாசல்படியைத் தாண்டி நின்றான். வானம் முழுக்க வெள்ளை மேகம். நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

தாடையைச் சாய்த்துப் பார்த்தான். நிமிர்த்திப் பார்த்தான். பூசின இடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவன் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. நீலத்தைக் காணோம். கண்ணாடிக்குள் ஆன்ட்யாவின் தாடை ஓரம் மட்டும் இருந்தது. அவனுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது.

"சார், உள்ள வாங்க." முகத்தைப் பார்த்ததும் அந்தக் குரல் மாறியது. "ரெம்மர்?"

காவலாளியின் கறுப்புச் சட்டையில் நின்றவன் வில்கோ. ஹின்ரிக்கின் பட்டறையில் பல வருஷம் ரெம்மரோடு தோளுரசி வேலை செய்தவன். கார் வரத்துக் குறைந்தபோது இரண்டு பெயிண்டர்களில் ஒருவரை நிறுத்த வேண்டிவந்தது. நிறம் பார்க்க யார் கண் நல்ல கண் என்று பார்த்து வில்கோவை நிறுத்தினார்கள். வில்கோ புட்டியைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். மேலே வானத்தைப் பார்த்தான்.

"வெளிச்சத்துக்கா வந்த?" என்றான் மெதுவாக.

ரெம்மர் பதில் சொல்வதற்குள் கடை மேலாளர் திருமதி லூடெக்கே செருப்புச் சத்தம் படபடக்க வந்து சேர்ந்தாள். "கையும் களவுமாப் புடிச்சீங்களா? நல்லது. பின்னால கூட்டிட்டு வாங்க."

பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. ரெம்மரை அதில் உட்கார வைத்தார்கள். வீப்கேயையும் அழைத்துவந்து நிறுத்தினார்கள்.

"மனைவிக்குன்னு கேட்டார்" என்றாள் வீப்கே. அவள் கண் ரெம்மரின் தாடையில் இருந்தது. நீயே சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை.

"நிறம் பாக்கத்தான் எடுத்தேன்" என்றான் ரெம்மர்.

"உங்க மனைவி நிறத்தைத் தெருவுல போய் எப்படிப் பாப்பீங்க? அவங்க நம்பரைக் குடுங்க, அவங்ககிட்டயே கேட்டுடலாம். உண்மைன்னா மன்னிப்புக் கேட்டு அனுப்பறேன்."

வில்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நம்பர் கொடுக்க மனைவி இல்லை என்று அவனுக்குத் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இவனோ திருடவும் இல்லை. சாட்சி அவன் முகத்திலேயே இருந்தது. ஆனால் அவ்வளவு பொருத்தமாக அமைந்துபோன நிறம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இதோ பாருங்கள் என்று அவனே விரல் வைத்துக் காட்ட வேண்டும். வில்கோ நிற்கிறான். வில்கோவுக்குத் தெரிந்தால் லேர் முழுக்கத் தெரிந்த மாதிரி.

"திருடினீங்களா, இல்லையா?"

"திருடினேன்" என்றான் ரெம்மர்.

"மேடம், அவர் வந்து..." என்று வீப்கே தொடங்கினாள். ரெம்மர் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம். அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இனி இந்தக் கடைப்பக்கம் காலை வைக்கக்கூடாது என்றாள் திருமதி லூடெக்கே. அவள் நீட்டின தாளில் காட்டின இடத்தில் ரெம்மர் கையெழுத்துப் போட்டான். "வேலைக்குச் சேந்ததுக்கு உருப்படியா ஒருத்தனப் புடிச்சீங்க" என்று வில்கோவின் முதுகில் தட்டிவிட்டுப் போனாள்.

வில்கோ வாசல் வரை கூடவே வந்தான். தெருவுக்கு இறங்கினதும் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

"இடது தாடை. தொடைச்சுக்க."

ரெம்மரின் கை தாடைக்குப் போனது. "உனக்குத் தெரியுமா?"

"நானும் பெயிண்டர்தான். நீ எதைப் பாத்துக்கிட்டு நின்னன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் வாயைத் தொறக்கல?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? நீ திருடலன்னா வேற என்ன பண்ணினன்னு கேப்பாங்க. அதைச் சொல்லவா? எது மேல்னு நீயேதானே முடிவு பண்ணின." வில்கோ சுற்றுமுற்றும் பார்த்தான். "எனக்கும் வேலைய இன்னும் நிரந்தரம் பண்ணல, ரெம்மர். இதுவரைக்கும் ஒருத்தனையும் புடிக்கலன்னு அந்தம்மா தினம் குத்திக் காட்டிட்டு இருந்தா. உன் விஷயம் என் வாயிலேர்ந்து வராது. போ."

திங்கட்கிழமை காலை பட்டறையில் ஹின்ரிக் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினார். ரெம்மர் குடித்து முடித்தான். கரண்டியை உள்ளே போடவில்லை. ஹின்ரிக் கெண்டியை எடுத்துத் தூர வைத்துவிட்டார். எப்போதும் திறந்தே கிடக்கும் சாவி அலமாரி பூட்டியிருந்தது.

"வில்கோ ஃபோன் பண்ணினான்."

"என்ன சொன்னான்?"

"கடையில திருடினியாமே."

ரெம்மருக்கு மூச்சு வந்தது. வில்கோ வாக்குத் தவறவில்லை. திருடன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு நிம்மதியாக இருக்கிறதே என்பதுதான் ரெம்மருக்குத் தாங்க முடியாத கேவலமாக இருந்தது.

"பொம்பளைங்க மூஞ்சிக்குப் பூசறதாம். உனக்கு எதுக்குடா அது? எவளுக்காவது குடுக்கவா? கேட்டிருந்தா நான் வாங்கிக் குடுத்திருப்பேனே." ஹின்ரிக் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். "ஏதாவது காரணம் இருந்தா சொல்லு ரெம்மர். எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேன்."

டிவிப் பெட்டி அதே மூலையில்தான் இருந்தது. ரெம்மர் அதைப் பார்த்தான்.

"காரணம் ஒண்ணும் இல்ல."

"ஊரான் வண்டிச் சாவியெல்லாம் இங்கதான் தொங்குது. நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா நான் யாரைப் பாப்பேன்?" ஹின்ரிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் தேடிப் போகல. வில்கோவே உன் இடத்துக்குத் திரும்ப வரட்டுமான்னு கேட்டான். வரச் சொல்லிட்டேன்."

ரெம்மர் பட்டறையிலிருந்த தன் உடுப்புப் பெட்டியைத் திறந்து வேலை மேலங்கியையும் செருப்பையும் பைக்குள் திணித்தான். வாசலுக்கு வரும்போது ஹின்ரிக் கூப்பிட்டார். கையில் ஒரு மாதிரித் தகடும் சிவப்பு நிறப் பெட்ரோல் மூடியும் இருந்தன.

"மத்தியானம் வண்டியக் குடுக்கணும். இது சேருதான்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போயேன்."

ரெம்மர் பையைக் கீழே வைத்தான். இரண்டையும் வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் ஹின்ரிக் ஒருநாளும் அவனோடு வாசல் வரை வந்ததில்லை. இன்று அவர் கண் ரெம்மரின் கையிலேயே இருந்தது. ரெம்மர் தகட்டைச் சாய்த்துப் பார்த்தான். நிமிர்த்திப் பார்த்தான்.

"சேருது" என்றான்.

ஹின்ரிக் கையை நீட்டி மூடியையும் தகட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.