செக்கிங் போன வண்டி

சிதம்பரத்து அரசுக் கிடங்கில் ஷட்டர் விழுந்து காவலாளி கொளஞ்சியின் கால் நசுங்கியது என்ற செய்தி கடலூர் மஞ்சக்குப்பம் அலுவலகத்துக்கு வந்தபோது, சத்யப்பிரியா டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். அப்படியே மூடிவிட்டாள்.

வெள்ள நிவாரணச் சாமான்கள் வைக்கும் கிடங்கு அது. காவல் ஒரு தனியார் ஏஜென்சியிடம். ஷிப்டுக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும், பழுதான அந்த ஷட்டரை இரண்டு பேராகத்தான் இறக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அது நடக்கிறதா என்று திடீரென்று போய்ப் பார்ப்பது சத்யப்பிரியாவின் வேலை.

திடீரென்று எப்படிப் போவாள், சொல்லுங்கள்? அலுவலகத்தில் அதற்கு வண்டி கிடையாது. முதல் தடவை பஸ்ஸில் போய் இறங்கி, சிதம்பரத்து வெயிலில் ஆட்டோ தேடி நின்றவளை ஏஜென்சி சூப்பர்வைசர் ஜெபஸ்டின் பார்த்துவிட்டான்.

"என்னக்கா இது, ஆட்டோக்காரங்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு? கடலூர்ல பஸ் ஏறும்போதே ஒரு போன் போடுங்க. தம்பி எதுக்கு இருக்கேன்?"

அன்றிலிருந்து அவன் பைக்கில்தான் செக்கிங். போகும்போதெல்லாம் இரண்டு பேர் சல்யூட் அடித்தார்கள். இருவர் பணியில் உள்ளனர் என்று எழுதிக் கொடுத்தாள். அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டீக்கு மேல் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை.

விபத்துச் செய்தி வந்த மறுநாள் அலுவலகக் கண்காணிப்பாளர் வைத்திலிங்கம் கூப்பிட்டார்.

"ரெண்டு பேர் டூட்டில இருந்தாங்க, கொளஞ்சிதான் கூட இருந்தவனக் கூப்புடாம தனியா எறக்குனான், நஷ்டஈடு குடுக்க முடியாதுங்கறான் ஏஜென்சிக்காரன். அதுக்கு ஒன் ரிப்போர்ட்டத்தான் காட்டறான். நமக்கு ஒண்ணும் வராது. விசாரணைல அதையே சொல்லிட்டு வந்துடும்மா."

விசாரணைக்கு முன்பே ஒருநாள் அவள் பஸ் ஏறினாள். போன் போடவில்லை. ஸ்டாண்டிலிருந்து நடந்தே கிடங்குக்குப் போனாள். வாசலில் ஒரே ஒருவர், புதியவர். பதறிப்போனார்.

"சொல்லாம வந்துட்டீங்களே மேடம்! செத்த உக்காருங்க. போன் போட்டா மார்க்கெட்ல நிக்கிற அன்பரசு வந்துருவாரு. ஜோடிக்கு எப்பவும் அவருதான்."

ஆஸ்பத்திரியில் கொளஞ்சியின் வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அவளைக் கண்டதும் அவர் கை நெற்றிக்குப் போனது.

"கைய எறக்குங்க ஐயா. எப்பவுமே தனியாத்தான் நின்னீங்களா?"

"ஆமாம்மா. அன்னிக்குச் சாரல் உள்ள அடிச்சுது. சாமான்லாம் நனையுது. யாரக் கூப்புட?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்? அவுங்க வண்டியிலயே வருவீங்க. அன்பரசு ஓடியாந்து மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பான். நீங்க சிரிப்பீங்க."

சிரித்திருந்தாள். அதிகாரியைக் கண்ட பயம் என்று நினைத்துச் சிரித்திருந்தாள்.

விசாரணை கிடங்கிலேயே நடந்தது. அன்று காலை பஸ் ஸ்டாண்டில் ஜெபஸ்டின் வண்டியோடு நின்றான்.

"ஏறுங்கக்கா."

"வேணாம்ப்பா."

அவள் நடக்க, பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். "நான் மட்டும் மாட்டுவேன்னு நெனக்காதீங்க. ஒங்க வேலையும் போவும்."

"தெரியும். போ."

விசாரணை அதிகாரி கேட்டார்: "நீங்க போனப்பல்லாம் ரெண்டு பேர் இருந்தாங்களா?"

"இருந்தாங்க சார்."

வைத்திலிங்கம் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"நான் வர்றேன்னு சொல்லிட்டு வந்ததால இருந்தாங்க. அவுங்க வண்டியிலயே வந்து அவுங்கள செக் பண்ணேன். மத்த நேரமெல்லாம் கொளஞ்சி தனியாத்தான் நின்னிருக்கார். எழுதிக்குங்க சார்."

அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். வைத்திலிங்கம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லோரும் வெளியே வந்தபோது தூறல் விழ ஆரம்பித்தது. அந்தப் புதிய காவலாளி ஷட்டரை இறக்கத் தனியே போனார்.

"இருங்க," என்று கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, சத்யப்பிரியா போய் மறுமுனையைப் பிடித்தாள்.