பேய்க்குப் பயப்படாத கண்ணாயி

கதவை உடைக்காத குறையாக யாரோ தட்டினார்கள். அற்புதம் டீச்சரின் பேனா நழுவி, பாதி எழுதிய விமர்சனத்தின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தது.

வாசலில் எஸ்டேட் பங்களாவில் சமைக்கும் கண்ணாயி. வாழவந்தி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஏனுங்க டீச்சரம்மா, என்னையப் பத்தி ஏதோ எழுதறீங்களாமா?"

"உங்களைப் பத்தி இல்லக்கா. பொன்னுவேல் எழுதின நாவலைப் பத்தி. ஏற்காட்டுக் கதையாச்சேன்னு பத்திரிகையில என்னைக் கேட்டாங்க."

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேலின் முதல் பேய் நாவல், 'பங்களாவில் ஏழு பேர்'. அடைமழையில் மலைப்பாதை சரிந்து, ஏழு பேர் ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்கிறார்கள். நர்ஸ், லாரி டிரைவர், ஓடிவந்த காதல் ஜோடி என்று ஆளுக்கொரு கவலை, ஆளுக்கொரு ரகசியம். பயப்படுகிறவர்களைத் தேடித்தான் பேய் வருகிறது. ஆறு பேர் செத்துப்போகிறார்கள். பயமே அறியாத சமையல்காரி மட்டும் பிழைக்கிறாள். மற்றவர்களுக்கெல்லாம் கற்பனைப் பெயர் வைத்த பொன்னுவேல், அவளுக்கு மட்டும் அசல் பெயரையே வைத்துவிட்டார்.

"கண்ணாயி நம்பற மாதிரி இல்லைன்னு எழுதிட்டீங்களாமா. ரைட்டரு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியறாரு."

"உண்மைதானேக்கா? அவர்கிட்டயே சொல்லிட்டுத்தான் எழுதறேன். மத்த ஆறு பேரும் நம்ம பக்கத்து வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்காங்க. அவங்க சாகும்போது எனக்கு அழுகையே வந்துச்சு. இந்தக் கண்ணாயி மட்டும் பேய் முன்னாடி நின்னு, 'காப்பி குடிக்கறியா?'ங்கறா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா அந்த வரியை அடிச்சுடறேன்."

"அய்யோ சாமி, அடிச்சுப்புடாதீங்க! அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

அற்புதத்துக்குப் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண்ணாயி நுனியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குச் சேலத்துல வயித்துக் கட்டிய அறுத்து எடுக்கறாங்க. எஸ்டேட் ஆளுங்க இருக்கற லைன் ஊட்டுல ஒருத்தியும் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லலீங்க. 'பேய்க்கே காப்பி ஊத்துனவளுக்கு டாக்டரு கத்தி எம்மாத்திரம்'னு சிரிக்கறாளுக. எங்க ஊட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு. தொணைக்குக்கூட வரலையாம். அந்தக் கண்ணாயி நெசமில்லைன்னு நீங்களாவது எழுதுங்க."

அற்புதம் சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கண்ணாயி ஆஸ்பத்திரிச் சீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"நான் கூட வரேன்க்கா. முதல் பஸ்ஸுக்கே போயிடலாம்."

கண்ணாயி தலையாட்டினாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மேஜை மேலிருந்த தாளையே பார்த்தாள்.

"பயந்தவங்கள்ல ஒருத்தரையாவது ரைட்டரு பொழைக்க வெச்சிருக்கலாமில்லீங்க, டீச்சரம்மா?"