இருபது அங்குலச் சக்கரம்

என் தம்பி ரிச்சர்ட் வாங்கிய காரைப் பற்றி எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை என்றே தொடக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். கொச்சியில் ஒரு மருத்துவர் ஆறாண்டுகள் ஓட்டிய ஜெர்மானியக் கார் அது, கருநீல நிறம். வள்ளியூரில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவனுக்கு அவ்வளவு நீளமான கார் எதற்கு என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. மனத்துக்குள் கேட்டுக்கொண்டதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளலாகாது.

சாரம்மாள் தொலைபேசியில் அழைத்த நாளோடு அந்தப் பெருந்தன்மை முடிந்தது. சாரம்மாள் எனக்குத் தங்கை, ரிச்சர்டுக்கு அக்காள். அவளுடைய இளைய மகள் டார்லினுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தகப்பனார் ஆலய வாசலில் காத்திருப்பார். வீட்டிலிருந்து அந்த வாசல்வரை பெண்ணை அழைத்து வருவது மூத்த தாய்மாமனின் உரிமை. ஒன்பதாண்டுகளுக்கு முன்பு மூத்தவள் ஜெசியை என் வெள்ளை மாருதியில் நானேதான் அழைத்துச் சென்றேன்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. டார்லின் சின்ன மாமா கார்லதான் கோயிலுக்குப் போவேங்கா," என்றாள் சாரம்மாள்.

"போகட்டும். யாரு வேண்டாம்னா?"

"நீங்க ஒங்க வண்டில பூத்தட்டையும் பாட்டுப் புஸ்தகத்தையும் கொண்டாந்தாப் போதும்."

பூத்தட்டு. முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கும் தமிழும் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவனுக்குப் பூத்தட்டு.

அடுத்த வாரம் ரிச்சர்ட் பாளையங்கோட்டைக்கு வந்தான். காரை என் வாசலில் நிறுத்தியபோது எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். என் வீட்டு வாசலில் இருபதாண்டுகளாக மாருதி நிற்கிறது; ஒருநாளும் அவர் அதைச் சுற்றி வந்ததில்லை.

"அண்ணாச்சி, ஒரு கணக்குப் போட்டுத் தரணும்," என்றான் ரிச்சர்ட்.

"சிமெண்டுக் கணக்கா?"

"டயர்க் கணக்கு. இந்த வண்டிக்குக் கம்பெனிக்காரன் போட்ட சக்கரம் பதினேழு அங்குலம். நான் இருபது அங்குல அலாய் வீல் வாங்கிட்டேன். கல்யாணத்துக்கு முந்தி மாட்டணும். மேலப்பாளையத்துல சல்மான் ஃபாரிஸ் கடையிலதான் வேலை. மதுரையில ரெண்டு அளவு டயர்தான் இருக்குதாம். அவரு முப்பத்தஞ்சு போடுங்காரு. எனக்கு என்னன்னா, நாப்பத்தஞ்சுல ரப்பர் தடிமனா இருக்கும், நம்ம ஊர்ப் பள்ளத்துக்குத் தாங்குமேன்னு இருக்கு. 'சந்தேகம்னா எங்க சார்ட்ட கேளுங்க, அவுக சொன்னா சரி'ன்னுட்டாரு."

சல்மான் ஃபாரிஸ் என்னிடம் படித்தவன். ஆசிரியர் சொல்லைத் தன் தொழிலறிவுக்கு மேலாக வைக்கிற மாணவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் மிஞ்சியிருக்கிறார்கள்.

நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேசையில் அமர்ந்தேன். கணக்கு எளிதுதான். டயரில் எழுதியிருக்கும் மூன்று எண்களில் முதலாவது அதன் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. மூன்றாவது, சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். பக்கச்சுவரை இரட்டித்துச் சக்கரத்தோடு கூட்டினால் மொத்த உயரம் கிடைக்கும். சக்கரத்தைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் டயர் தனக்கு மேலுள்ள மட்காட்டில் உரசும்.

பழைய டயர் 225/55, பதினேழு அங்குலம்: மொத்தம் 679.3 மில்லிமீட்டர். 245/35, இருபது அங்குலம்: 679.5. இதைவிடப் பொருத்தமான விடையை நானே கணக்கு அமைத்திருந்தாலும் வரவழைத்திருக்க முடியாது. 245/45 போட்டாலோ 728.5; ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கூடுதல்.

விடையைச் சொல்லத் தலைநிமிர்ந்தேன். ரிச்சர்ட் சன்னல் வழியாக என் மாருதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, டார்லினுக்கு இந்தக் கார்ப் பக்கத்துல நின்னுதான் மொத போட்டோவாம். ஒங்க வண்டிய அன்னைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டிக்கிடுவமா? படத்துல விழுந்துரும்."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தின் நடுவில், அழகான எழுத்தில், 245/45 என்று எழுதி நீட்டினேன்.

"நீ நெனைச்சதுதான் சரி," என்றேன்.

"பாத்தீங்களா, எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கு," என்று மகிழ்ந்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பள்ளிக் காலத்திலும் அவன் கணக்குத்தாளின் மறுபக்கத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த சில நாட்கள் நான் மிக உற்சாகமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாருதியைக் கழுவி மெழுகு பூசினேன். இருக்கைகளுக்குப் புதிய உறை வாங்கினேன். பெரிய டயர் மட்காட்டில் உரசும். கார் மறுபடியும் கடைக்குப் போகும். மாற்று டயர் மதுரையிலிருந்து வருவதற்குள் திருமண நாள் வந்துவிடும். சாரம்மாள் மறுபடியும் தொலைபேசியில் அழைப்பாள். அப்போது சொல்ல வேண்டிய சொற்களைக்கூடத் தேர்ந்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அழைத்தவன் ரிச்சர்ட். திருமணம் திங்கட்கிழமை.

"டயர் மாட்டியாச்சு, அண்ணாச்சி. வள்ளியூர் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன். சும்மா வழுக்கிக்கிட்டுப் போவுது."

"உரசலையா?"

"உரசவா? எதுக்கு உரசணும்?"

தொலைபேசியை வைத்த பின்புதான் நான் செய்தது இன்னதென்று எனக்கு விளங்கியது. நேரான நான்குவழிச் சாலையில், ஒற்றை ஆளோடு போகும்போது அது உரசாமலிருக்கலாம். திங்கட்கிழமை பின்னிருக்கையில் மூவர் அமர்வார்கள், கார் தாழும். ஆலயத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதைத் தாண்டியவுடன் வாசலுக்குள் ஒரேயடியாகத் திரும்ப வேண்டும். அங்கே டயர் உரசும், கிழிந்தாலும் கிழியும். அத்தனை நாளும் நான் ரிச்சர்டின் முகத்தை மட்டுமே கற்பனை செய்து பார்த்திருந்தேன். அந்தக் காருக்குள் டார்லின் இருப்பாள் என்பது என் கணக்கில் வரவேயில்லை.

மேலப்பாளையத்துக்குப் பேருந்து ஏறினேன். மெழுகு பூசிய மாருதியை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

சல்மான் ஃபாரிஸின் பெயர்ப்பலகையில் 'சக்கரச் சீரமைப்பு' என்று ஒற்று விடாமல் எழுதியிருந்தது. என்னைக் கண்டதும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது.

"வாங்க சார். டீ சொல்லட்டா?"

"டீ வேண்டாம்லே. ரிச்சர்ட் வண்டிக்கு என்ன டயர் போட்டே?"

"முப்பத்தஞ்சு."

எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு கோபமும் வந்தது.

"நான் நாப்பத்தஞ்சுன்னுல்லா எழுதிக் குடுத்தேன்."

"ஆமா சார்." மேசை இழுப்பறையைத் திறந்து என் தாளை எடுத்தான், விரித்து, மறுபக்கம் திருப்பி, என் முன்னால் வைத்தான். "இங்கன எல்லாம் சரியா இருக்கு. பழைய டயரு இவ்வளவு, முப்பத்தஞ்சு போட்டா இவ்வளவு. விடைக்கு அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கிய. முன்பக்கத்துலதான் வேற ஒண்ணு எழுதியிருக்கு."

வழிமுறை எழுதாமல் விடை எழுதியவனை நான் முப்பத்தாறு ஆண்டுகள் பெஞ்சின்மேல் நிற்க வைத்திருக்கிறேன். வழிமுறை இல்லாமல் விடை எழுத என் கையாலும் முடியாமல் போயிற்று. ஏமாற்ற உட்கார்ந்தவன், ஏமாற்றிய தாளிலேயே மூன்று வழிமுறைகளை முழுமையாக எழுதி, சரியான விடைக்கு இரட்டைக் கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"ஏழாங்கிளாஸ்ல எனக்கு இப்படித்தான் ஆச்சு, சார். வழி சரி, விடை தப்பு. அஞ்சுக்கு நாலு மார்க் போட்டிய."

கடையில் காற்றடிக்கும் எந்திரம் ஓடி நின்றது.

"ரிச்சர்டுட்ட என்ன சொன்னே?"

"சார் போன் பண்ணி முப்பத்தஞ்சுன்னு திருத்திச் சொன்னாவன்னேன்."

"பொய் சொல்லியிருக்கே."

"நீங்க ஒண்ணு எழுதினிய, நான் ஒண்ணு சொன்னேன். கூட்டிக் கழிச்சா வண்டி நல்லா ஓடுது. போட்டும் சார், டீ குடிங்க."

குடித்தேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். புறப்படும்போது தாளை மடித்து என் கையில் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் சாரம்மாள் வீட்டு முன்னால் அந்தக் கார் நின்றது. சக்கரங்கள் ஒவ்வொன்றும் ஆலய அசன விருந்தின் சோற்றுத் தாம்பாளம்போல் பளபளத்தன. நான் சொல்லாமலே என் மாருதியைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டுப் பூத்தட்டை எடுத்துக்கொண்டு நடந்து வந்தேன். ரிச்சர்ட் அதை என் கையிலிருந்து வாங்கி, சாரம்மாளின் மகன் ஹெப்ரானிடம் கொடுத்தான்.

"நீ பெரிய மாமா வண்டில கொண்டு போலே," என்று அவனிடம் சொல்லிவிட்டு, கூடியிருந்த உறவினர் அனைவருக்கும் கேட்கும்படி என் தோளைத் தொட்டான். "நான் தப்பான டயரு போடப் பாத்தேன். அண்ணாச்சி போன் பண்ணித் திருத்தலேன்னா இன்னைக்கு வண்டி நடுத்தெருவுல நின்னிருக்கும். முன்னால ஏறுங்க, அண்ணாச்சி. மூத்த மாமா இல்லாம பொண்ணு எப்படிக் கோயிலுக்குப் போவா?"

"ரிச்சர்ட், அந்தக் கணக்குல ஒரு விஷயம்..."

"கணக்கையெல்லாம் பெறவு பாத்துக்கிடுவோம். நேரமாச்சு."

ஏறினேன். பின்னால் டார்லினும் அவள் தாயும் ஒரு தோழியும் அமர்ந்தார்கள். இருக்கை என் முதுகை வாங்கிக்கொண்ட விதத்தில் என் மாருதியின் புதிய உறைகள் நினைவுக்கு வந்தன. சாலையில் பள்ளம் இருந்ததே தெரியவில்லை. இப்படி ஒரு காரை என் தம்பி தினமும் ஓட்டுகிறான் என்ற எண்ணம் ஆலயம் வரும்வரை என்னை விடவில்லை.

வேகத்தடை தெரிந்தது. என் காது தானாகவே கதவின் பக்கம் சாய்ந்தது.

"மாமா, ஏன் குனிஞ்சிட்டிய?" என்றாள் டார்லின் முகத்திரை வலைத்துணிக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்லம்மா."

கார் ஏறி இறங்கியது. வாசலுக்குள் முழுதாகத் திரும்பியது. எந்த ஓசையும் கேட்கவில்லை. என் தங்கை மகள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டவன் நான்தான். ஆயினும் அந்த வளைவில், ஒரு கணம், அந்த ஓசை கேட்காதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இதையும் எழுதினால்தான் வழிமுறை முழுமையாகும்.