இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கலாம்

அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் திட்டத்தில் சேர்க்கிறோம் என்று ஆரம்பித்த வேலை, பணத்தைத் தின்றுகொண்டு வருடக்கணக்கில் இழுத்தது. சட்டசபையில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். உடனே, முடியாத வேலைக்குத் திறப்பு விழா நாளைக் குறித்துவிட்டார்கள்.

அதில் அவள் டெஸ்டர். ஒவ்வொரு திரையையும் தட்டிப் பார்த்துப் பிழை பிடிக்க வேண்டும். தட்டுவதற்கு ஒரு நோயாளி எண் வேண்டுமே. அவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான்: டயாலிசிஸுக்கு ஓயாமல் அழைத்துப்போகும் அம்மாவின் எண். ஆகவே திரையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, கால் முறிந்தது, பிரசவம்கூட ஆனது. ஒருநாள் இறந்தும் போனாள். இறந்தவர் என்று பதிந்துவிட்டால் மாற்ற வழியே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜரிடம் சொன்னாள். எதற்கும் "பார்த்துக்கலாம்" என்பவர். ஆபீஸில் அவருக்குப் பெயரே அதுதான்.

"செத்தவங்க யாரும்மா திரும்பி வரப்போறாங்க? இரண்டாம் கட்டத்துல பார்த்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டாள்.

விழா மேடையில் கைதட்டல் ஓயவில்லை. அம்மா போன் செய்தாள்.

"ஏண்டி, என்னை மெஷின்ல படுக்க விடமாட்டேங்கறாங்க. நான் உயிரோட இல்லைன்னு வருதாம். கம்ப்யூட்டர் சொல்லாம ஸ்டோர்ல டியூப்கூடக் குடுக்க மாட்டாங்களாம்."

அவள் மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், நாம டெஸ்ட் பண்ணினதையெல்லாம் அழிச்சாச்சா?"

"அதுக்கு எங்க நேரம்? அப்படியே ஏத்தியாச்சு."

"எங்கம்மாவைத் திருத்தணும் சார். இப்பவே. இல்லைன்னா புது நம்பராவது குடுங்க."

"விரல் ரேகை வச்சா பழைய நம்பர்தானேம்மா வரும்? கம்பெனியோட ஒப்பந்தமும் நேத்தோட முடிஞ்சுது. இனி டெண்டர் விட்டாத்தான் யாரும் உள்ள கை வைக்க முடியும்." அவர் முகத்திலும் ஈயாடவில்லை. "பார்த்துக்கலாம்" என்று அன்று அவர் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

"என் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. மூச்சு வாங்குதுடி. நீங்க செஞ்ச கம்ப்யூட்டர்தானே, ஒரு வார்த்தை சொல்லேன்."

காதிலிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு குறுஞ்செய்தி: தங்கள் தாயாரின் மறைவுக்கு அரசு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. பேரில்கூடப் பிழையில்லை. மொத்தத் திட்டத்திலும் சொன்னபடி வேலை செய்தது இது ஒன்றுதான். இதையும் அவளேதான் சரிபார்த்திருந்தாள்.

"கேக்குதாடி?" என்றாள் அம்மா.