மரிசெல் விட்ட இடம்

1

இந்தக் கதை என் மனைவியிடமிருந்து திருடியது. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் ஆபீஸ் விஷயம் பேசுவாள். நான் ரசத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்பவனுக்கு இதைவிட மலிவாகக் கதை கிடைக்காது.

முதல் வரி இப்படி இருந்தது: 'உலகமயமாக்கல் என்னும் பேரலை கழக்கூட்டத்தின் கரையை வந்து—'

நிறுத்திவிட்டேன். கழக்கூட்டத்தில் அவள் ஆபீஸ் வாசலில் கரை கிடையாது. ஹைவே நெரிசல்தான் உண்டு.

2

நாயகிக்குச் சூடாமணி என்று பெயர் வைத்தேன். மனைவி படித்துப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்.

"வெறுதே எந்துக்கு இந்த வேஷம்? ஸ்மிதான்னே எழுதுங்கோ. நான்தான்னு எல்லாருக்கும் அறியும்."

ஆகவே ஸ்மிதா. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் பில்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு காலத்தில் இந்த வேலை ஒஹாயோவில் டெப்ரா என்பவளிடம் இருந்தது. டெப்ரா ஃபோனிலேயே இவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இப்போது வேலை பிலிப்பைன்ஸுக்குப் போகிறது. அங்கே மரிசெல் என்ற பெண்ணுக்கு ஸ்மிதா கற்றுக்கொடுக்கிறாள்.

[இந்த இடத்தில் உலகப் பொருளாதாரத்தின் இரக்கமின்மை பற்றி ஒரு பத்தி இருந்தது. டெப்ராவின் வேலை வந்த அன்று நாங்கள் பால்பாயசம் வைத்தது ஞாபகம் வந்ததால் எடுத்துவிட்டேன்.]

3

பயிற்சியின் கடைசி நாளில் தலைகீழ் வகுப்பு ஒன்று உண்டு. மாணவி ஆசிரியையாகி வேலை முழுவதையும் சொல்லிக் காட்டுவாள். ஆசிரியை வாய் திறக்கக் கூடாது. பிறகு மாலைக்குள் 'தயார்', 'தயாரில்லை' என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். தயார் என்றால் ஸ்மிதாவின் வேலை இந்த மாதத்தோடு முடியும். தயாரில்லை என்றால் அவளுக்கு இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். மரிசெலை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பிடிப்பார்கள்.

இன்று காலை மரிசெல் நன்றாகத்தான் சொன்னாள். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டாள். பிறந்த குழந்தையின் பெயர் இன்ஷூரன்ஸில் ஏறியிருக்காது. அதனால் கம்ப்யூட்டர் அதன் பில்லைத் தள்ளிவிடும். அதைக் கையால் எடுத்து அம்மாவின் பெயரில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை பெற்ற வீட்டின் தலையில் மொத்தமும் விழும்.

திரையில் இருந்த மேனேஜர் ஸ்ரீஜித் திருப்தியாகத் தலையாட்டினார். அவருக்கு இது தெரியாது.

4

முடிவு ஒன்று: ஸ்மிதா 'தயார்' அழுத்துகிறாள். பிறகு மரிசெலைத் தனியாகக் கூப்பிட்டு, விட்டதைச் சொல்லித்தருகிறாள்.

"ஷெரி. என்னை நல்லவளாக்கி ஆத்துல உக்கார வெச்சுட்டேள்," என்றாள் ஸ்மிதா. "பின்னே நம்ம பிள்ளை சாயோட காலேஜ் ஃபீஸை யாரு கட்டுவா? உங்க கதையா?"

முடிவு இரண்டு: 'தயாரில்லை'.

"அப்போ அந்தப் பொண்ணு?"

"அவளுக்கு வேற நல்ல வேலை கிடைச்சுதுன்னு எழுதிடறேன்."

"எனக்குக் கிடைச்சுதுன்னு எழுத உங்களுக்குத் தோணலையே?"

(தோன்றியது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்று அடித்துவிட்டேன்.)

5

உண்மையில் எனக்கு அந்த மூன்று மாதம் வேண்டும். மரிசெலை எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது, ஆனால் அடிக்கப்போவதில்லை.

ஸ்மிதா குளிக்கப் போயிருக்கிறாள். "வந்து அழுத்தறேன். நீங்கோ தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவளுடைய லேப்டாப் மேஜையில் திறந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நான் இதை எழுதுகிறேன்.

மூன்றாவதாக ஒரு முடிவு இருக்கிறது. அதில் ஸ்மிதா—

லேப்டாப்பில் மரிசெலிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கிறது: 'மேடம், நான் எதையாவது விட்டுவிட்டேனா?'

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. தொடக் கூடாதென்று அவள் சொன்னது என்னைத்தான். வாசகர்களான உங்களை ஒன்றும் சொல்லவில்லை. மரிசெல் எதை விட்டாள் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.