செய்தவர் கையெழுத்து

செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் நான் ஹெல்பர். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது ஏன் என்று கேட்பீர்கள். என் புத்திதான் காரணம். கல்யாணமாகி நாசரேத்திலிருந்து வந்து ஆறு மாதம் வேலைக்கு அலைந்தேன். வெளிமாநில டிகிரியைச் சரிபார்க்கவே மாதக்கணக்காகும், 'இன்டர்' என்று எழுதினால் திங்கட்கிழமையே உள்ளே போகலாம் என்றார் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் காண்ட்ராக்டர். இங்கே ப்ளஸ் டூவுக்கு அதுதான் பெயர். ஃபார்மில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

படிப்பை மறைத்தேன், கையை மறைக்கத் தெரியவில்லை. ஒருநாள் ஒரு சோதனையில் இருந்த தவறைச் சொல்லித் தொலைத்தேன். அன்று முதல் பாதிச் சோதனைகள் என் தலையில். 'செய்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து மட்டும் கெமிஸ்ட் அக்ஷதாவுடையது. அவளுக்கு முப்பத்திரண்டாயிரம், எனக்குப் பதினாலாயிரம். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் மேனேஜர் பக்தவத்சலத்தின் மேல்தான். செகந்திராபாத் ரயில்வே குடும்பம், தமிழர்; 'ஏன்' என்பதைக் 'கைக்கு' என்றும் 'வேண்டாம்' என்பதை 'நக்கோ' என்றும் இந்த ஊர் உருது கலந்து பேசுவார். "நம்மாளும்மா நீ, அடுத்த மாசம் கெமிஸ்ட் ஆக்கிடறேன்" என்று என் சர்டிபிகேட் நகலை வாங்கி டிராயரில் போட்டார். இரண்டு வருடமாகிவிட்டது.

இன்று அக்ஷதா லீவு. மதியத்துக்குள் ஒரு லாட் மருந்து லாரி ஏற வேண்டும்.

"நீ செஞ்சு வைம்மா. சைன் நாளைக்கு அக்ஷதா போட்டுக்கும்" என்றார் பக்தவத்சலம்.

செய்தேன். கட்டத்தில் ஜெஸ்ஸி, எம்.எஸ்சி. என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டேன்.

பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. "கைக்கு இப்படிப் பண்ணே? ஹெல்பர் சைன் போட்டா லாட் வெளிய போவாதே!"

"செஞ்சது நாந்தான சார்."

எங்கள் தொழிலில் பதிவுத் தாளைக் கிழிக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. தவறென்றால் எழுத்து தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, அடித்தவர் கையெழுத்திட வேண்டும். அவர் பேனாவை எடுத்தார்.

"அடிங்க சார். காரணத்தையும் எழுதுங்க."

பேனா அப்படியே நின்றது.

"ஜெஸ்ஸி செய்யலன்னு எழுதுனா பொய். படிக்கலன்னு எழுதுனாலும் பொய், சர்டிபிகேட் உங்க டிராயர்லயே கெடக்கு. ரெண்டு வருசமா கெமிஸ்ட் வேலைய ஹெல்பர் சம்பளத்துல வாங்குனோம்னு எழுதுங்க. அதுதான் நெசம்."

"நக்கோம்மா, வேலை போயிடும். ஃபார்ம்ல இன்டர்னு பொய் எழுதினது யாரு?"

மறைப்பானேன்?

"நாந்தான். காலையிலயே ஆபீஸ்ல அந்த ஃபார்ம வாங்கி, ஒத்தக் கோடு போட்டு அடிச்சிட்டேன். பக்கத்துல காரணமும் எழுதியிருக்கேன், 'பயந்து எழுதியது'ன்னு. கையெழுத்தும் போட்டாச்சு. இனி நீங்க எழுதுங்க."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கோடு விழவில்லை.

"சரி, ஆபீஸுக்குப் போன் போடறேன். உன்னைக் கெமிஸ்ட் ஆக்கற ஆர்டர் வர்ற வரைக்கும் லாரி நிக்கட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

கழுவாத குடுவைகள் தொட்டியில் கிடந்தன. நான் கெமிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.